பாண்டீஸ்வரி எழுதிய கொயரி

பாண்டீஸ்வரி இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று முதலாளி போட்டிருந்தார். கீழே கைகூப்பிய படங்கள் வந்தபடி இருந்தன. நான் எதுவும் போடவில்லை. அந்தக் குடும்பம் அவரை வெளியே அனுப்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

கொடைக்கானல் விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து தருவது எங்கள் தொழில். பெங்களூரில் டேட்டாபேஸ் வேலையில் இருந்த அவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பக்கத்திலுள்ள சொந்த ஊரான வில்பட்டிக்குத் திரும்பி எங்களிடம் சேர்ந்தார். இப்போது எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்கிறார்கள். அவர் பொறுமைசாலி அல்ல. முதல் மீட்டிங்கிலேயே முதலாளியிடம் "அது தப்புங்க" என்றவர்.

ஒரு மே மாத சீசனில், எங்கள் மென்பொருளில் விருந்தினர் வருகைப் பட்டியல் திறக்கவே மாட்டேன் என்றது. மழையில் நனைந்த குழந்தைகளோடு வந்தவர்கள் அறைச் சாவிக்காக நிற்க, விடுதிக்காரர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். பட்டியல் தேதி வாரியாகவும், ஒவ்வொரு தேதிக்குள்ளும் வந்து சேரும் நேர வாரியாகவும் வரவேண்டும். தகவலை முன்கூட்டியே வரிசையாக அடுக்கி வைக்கும் இன்டெக்ஸோ தேதிக்கு மட்டும்தான் இருந்தது. வெளியூர் ஆலோசகர் பெரிய சர்வர் வாங்கச் சொன்னார். நேரத்தையும் இன்டெக்ஸில் சேர்க்கலாம் என்றேன் நான். பாண்டீஸ்வரி மறுத்தார். சீசனில் வருகிறவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸையும் திருத்த வேண்டிவரும் என்றார்.

டேட்டாபேஸிலிருந்து பட்டியலை எடுத்துத் தரும் கட்டளைக்குக் கொயரி என்று பெயர். பழைய கொயரி, தேதியை எழுத்தாக மாற்றி அதன்பின் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. அதனால் இருந்த இன்டெக்ஸும் பயன்படாமல், முன்பதிவுகள் மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கியது. பாண்டீஸ்வரி அந்த மாற்றத்தை நீக்கி, கொயரியைப் புதிதாக எழுதினார்.

"தேதி ஏற்கெனவே அடுக்கித்தான் கெடக்குண்ணே. அந்தந்தத் தேதிக்குள்ள நேரத்த மட்டும் அடுக்குனாப் போதும். மொதப் பக்கத்துக்கு வேண்டியது வந்ததும் நிப்பாட்டிரலாம்" என்றார்.

அன்று மதியமே பட்டியல் தொட்டவுடன் திறந்தது. சர்வர் மாற்றவில்லை.

மதுரையில் நடந்த விடுதிக்காரர்கள் கூட்டத்தில், அது ஆலோசகரின் சாதனை என்று முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தினார். பாண்டீஸ்வரி பின்வரிசையில் எழுந்து, "அந்தக் கொயரி நான் எழுதுனதுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போனது. திரும்பும் வழியில் வண்டியில் யாரும் அவரிடம் பேசவில்லை.

பிறகு பாண்டீஸ்வரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு விடுப்புக் கேட்டார். ஆள் குறைப்பு என்று அவரை மட்டும் வேலையிலிருந்து எடுத்தார்கள். அதே வாரம் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

கடைசியாக வில்பட்டி வீட்டில் பார்த்தபோது அவர் பாதியாகியிருந்தார். கம்பெனியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவரே எடுத்தார்.

"செத்தபெறகு நல்ல பொண்ணுன்னு சொல்லி முடிச்சிராதீங்கண்ணே. என்ன வேல செஞ்சேன்னு சொல்லுங்க. அது யாரு பேர்ல போச்சுன்னும் சொல்லுங்க."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வார்த்தைதான். நாளை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். நல்லதாக நாலு வார்த்தை பேசும்படி முதலாளி கேட்டிருக்கிறார். இதைத்தான் வாசிக்கப் போகிறேன்.