எதிரே உட்கார்ந்தவன்

என் தங்கை புருஷனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் வலைக்கொட்டகையில் சீட்டாட்டம். நாங்கள் ஆடுவது முந்நூற்று நாலு. அதில் எதிரெதிரே உட்காருகிற இருவர் கூட்டாளிகள். ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவன் எனக்கு எதிரேதான் உட்காருவான்.

திடீரென்று அவனுக்கு ஃபோனில் காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டம் பிடித்துக்கொண்டது. வலையைத் தொடுவதில்லை, பகலெல்லாம் தூக்கம். ஒருநாள், படகில் தன் பாதியை விற்கப்போவதாகச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஃபோனைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். தங்கை முகத்துக்காக, "அந்தச் சூதாட்டத்த விட்டுத் தொலலே" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அதுல என்ன இருக்குன்னு தெரியாமப் பேசாத மச்சான். வார ஞாயித்துக்கெழம தீக்குச்சி வச்சு ஆடுவோம். என்னைய விட நீ அதிகம் பிடிச்சிட்டா, நான் விக்கல" என்றான்.

அந்த வாரம் முழுக்க அவனேதான் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, தரையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. ஒரே மாதிரி மூன்று சேர்ந்தால் ஜோடியை அடிக்கும். மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால், கையில் ஒன்றுமில்லாதவன்கூட நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். அதெல்லாம் புரிந்தது. ஜாக்கியைவிட ஆஸ் பெரிது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. "ஜாக்கிய மறந்து தொல மச்சான்" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

ஞாயிறன்று எப்போதும் எங்களை எதிர்த்து ஆடும் இருவரும் வந்தார்கள். மத்தியானக் கோயில் மணி வரைக்கும் ஆட்டம் என்று பேச்சு. கடைசிக் கை போடும்போது எனக்கும் அவனுக்கும் குச்சிகள் ஏறக்குறைய சமம். எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. தரையிலும் ஒரு ஒன்பது. மற்ற இருவரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். அவன் தன் குச்சிகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான்.

எத்தனை வருஷப் பழக்கம். முந்நூற்று நாலில் அவன் அப்படித் துணிந்தால் கை பலமாயிருக்கும், நான் ஒதுங்கிக்கொள்வேன். எதிராளிகள் விழுந்தாயிற்று, இனி பிடி நமக்குத்தான் என்ற நிம்மதியில் சீட்டைக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. எடுக்கக் கையை நீட்டினேன்.

"வச்சது வச்சதுதான் அண்ணாச்சி" என்றார் எதிராளிகளில் ஒருவர்.

அவன் என் ஒன்பதுகளைப் புரட்டிப் பார்த்தான். பிறகு தன் சீட்டைக் காட்டினான். ஒரு ஜோடிகூட இல்லை.

"ஏன் மச்சான் விட்ட? ஜெயிச்சிருப்பியே."

"ஏலே, நீ என் கூட்டாளியாச்சே."

"இதுல கூட்டாளியே கெடையாது மச்சான்."

அவன் குரலில் கோபமில்லை. அழுதுவிடுவான் போலத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் கெஞ்சத் தெரியவில்லை.

மறுவாரம் வாங்குகிறவர் வந்து படகின் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். அவனுடைய பாதிக்கு விலை பேச எல்லாரும் வலைக்கொட்டகையில் உட்கார்ந்தோம். பழக்கதோஷம், நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.