அறுபது கிலோவுக்குள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். சாவிக்கொத்து, சட்டைப்பையில் இருந்த பேனா, பெல்ட், செருப்பு எல்லாம் வரிசையாக இறங்குகின்றன. மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் விலக்கு. முள் தெரிய வேண்டுமே. பார்சல் ஆபீஸின் எடை மேடையில் ஏறி, மூச்சை அடக்கி, கழுத்தை மட்டும் வளைத்துப் பார்க்கிறார். ஐம்பத்தொன்பது எண்ணூறு. "ம்" என்று சொல்லி இறங்கிய பிறகுதான் ஆபீஸ் கதவு திறக்கும்.

என் பெரியப்பா இளவயதில் குத்துச்சண்டைக்காரர். அறுபது கிலோப் பிரிவு. கவுன்டருக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய செய்தித்தாள் துண்டு: இருபத்தாறு போட்டி, இருபத்தாறு வெற்றி. கையுறையைக் கழற்றி முப்பது வருஷம் ஆகியும் உடம்பு அறுபதைத் தாண்டவில்லை. பெரியம்மா கரண்டியோடு நின்று, "இந்த வயசுல யாரோட சண்டைக்குப் போறீங்க? இன்னும் ஒரு வாய் சாப்பிட்டா என்ன?" என்பார். அவர் தட்டின்மேல் கையை விரித்து மூடிக்கொள்வார். அந்தத் தடுப்பை இதுவரை யாரும் உடைத்ததில்லை.

பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். "மூணு கிலோ இருநூறு. வேணும்னா வச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கணக்கு வாத்தியாருக்கு 'புத்தகம்' என்று எழுதி நான் கட்டிய பொட்டலத்தையும் இப்படித்தான் பிடித்தார். "செங்கல்லும் ஒரு படிப்புதான். ஆனா இது போகாது."

ஒருநாள் காலையில் அவர் எடை பார்க்கும்போது, பின்னால் போய் மேடையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்தினேன். முள் அறுபத்தொன்றைத் தொட்டது. திரும்பி அடிக்க வருவார், சிரித்துக்கொண்டே ஓடிவிடலாம் என்பது திட்டம். அவர் திரும்பவே இல்லை. காதுமடல் வெளுத்துவிட்டது. பெல்ட் இல்லாத கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். காலை எடுத்தேன். "தராசுகிட்ட மட்டும் விளையாடாதே," என்றார், கெஞ்சுவதுபோல. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. நானும்தான். பெரியம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் பீச்சாங்கை வந்தார். கொத்தனார். இப்போது இடது கையால் சுவர் பூசுகிறவர்; ஒரு காலத்தில் அதே கையால் ஆட்களைத் தரையோடு பூசியவர். அவருக்கும் பெரியப்பாவுக்கும் மூன்று முறை போட்டி அறிவித்தார்கள், மூன்று முறையும் நடக்கவில்லை. எடை பார்க்கும்போது பெரியப்பா அறுபதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தார், போட்டி ரத்து. ரத்தான போட்டி தோல்வியில் சேராது. நேரம் சரியில்லை என்றுதான் ஊரே சொல்லும்.

ஒரு மரப்பெட்டியைக் கவுன்டரில் வைத்தார் பீச்சாங்கை. மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். மறுநாள் ரயில்.

பெரியப்பா தூக்கிப் பார்த்தார். "பதினொண்ணு நானூறு."

மேடையில் வைத்தோம். பதினொன்று நானூறு.

"அடுத்தவன் பெட்டிக்கு இவ்வளவு சுத்தமா சொல்றே," என்றார் பீச்சாங்கை. "உன் உடம்பு எடை மட்டும் மூணு தடவையும் உனக்குத் தெரியாமப் போச்சா?"

பின்னால் பார்சலோடு நின்ற தையல்காரர் இருமிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அப்போ உடம்புல ஏதோ நீர் கோத்து..."

"நாளைக்குப் போறவன்டா நான். இனிமே வரமாட்டேன். 'அவன் மட்டும் மோதியிருந்தா நீ காலி'ன்னு ஊர் சொல்றத முப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன். போன மாசம் என் பொண்ணே கேக்குறா, 'நிஜமாப்பா?'ன்னு. நான் என்ன சொல்றது?"

பெரியப்பா கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு பொய் எடுத்துக்கொடுக்க ஆசைதான் எனக்கு. பஞ்சமே இல்லாத சரக்கு. அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை.

"தண்ணி," என்றார் கடைசியில். "எடை பாக்குறதுக்கு முன்னாடி, குளியலறைக் குழாய்ல வாயை வச்சு வயிறு முட்டக் குடிச்சேன். மூணு தடவையும்."

"ஏன்டா?"

"நீ மணல் மூட்டையைக் குத்துறத ஜன்னல் வழியாப் பாத்தேன். மத்தவங்க குத்துனா மூட்டை ஆடும். நீ குத்துனா ஆடல, மடங்குச்சு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, ஜெயிக்கப்போறது நீதான்னு."

"மூணு தடவையும் நான் எச்சிலைக்கூட முழுங்கலடா," என்றார் பீச்சாங்கை. "எடை கூடிடுமேன்னு."

பெரியப்பா கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பெட்டியை இறக்கிவைத்தார். கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்து, பேனா, பெல்ட், செருப்பு. மேடையில் ஏறி நின்றார். இந்த முறை கழுத்தை வளைக்கவில்லை. நேரே சுவரைப் பார்த்தார்.

"நீயே பாத்துச் சொல்லு."

யாரும் சொல்லாமலே நான் மேடையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். பீச்சாங்கை முள்ளுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்ததை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

"அறுபதுக்குள்ளதான் இருக்கே."

பெரியப்பா இறங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு, பீச்சாங்கைக்கு முன்னால் போய் நின்றார்.