லாரியில் வந்த அசையாச் சொத்து

என் அக்காவை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தளம் சாய்ந்திருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் கருவி, அது எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போவாள், அதை மறக்க மாட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மேடை இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை.

அவள் வேலை செய்வது வீடு தயாரிக்கும் தொழிற்சாலையில். பெரிய கொட்டகைக்குள், வெயிலோ மழையோ படாமல், பிஸ்கட் வருகிற மாதிரி அறைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஜன்னல், ஒயரிங், குழாய், குளியலறை ஓடு எல்லாம் அங்கேயே பொருத்தியாகிவிடும். இரண்டு பெட்டி சேர்ந்தால் ஒரு வீடு. லாரியில் ஏறி மனைக்குப் போகும். அங்கே கிரேன் தூக்கி அஸ்திவாரத்தின் மேல் வைக்கும். அதற்கப்புறம் அக்காவின் ராஜ்ஜியம். மட்டம் பார்த்து, இரண்டு பெட்டியையும் சேர்த்து, பதினாறு போல்ட்டையும் முறுக்கி, அவள் "சரி" என்று சொன்னால்தான் கிரேன்காரர் டீ குடிக்கப் போக முடியும். இருபத்திரண்டு வருஷத்தில் எண்ணூறு வீடுகளுக்கு மேல் சரி சொல்லியிருக்கிறாள்.

அவள் குடியிருந்ததோ வாடகைக்கு. கல்யாணமான நாளிலிருந்து பதினாலு வீடு. ஒருவர் மகனுக்கு வீடு வேண்டும் என்றார், ஒருவர் விற்றுவிட்டார், ஒருவருக்குக் குழந்தைகள் சத்தம் ஆகவில்லை, ஒரு அம்மாள் காரணமே சொல்லவில்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றுவார். பீரோவின் ஒரு கதவு ஆறாவது வீட்டோடு போய்விட்டது.

வீடு தயாரிக்கிறவளுக்கு ஒரு வீடு வாங்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லாச் சிக்கலும் கடனில்தான். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், படிவமும் நிரப்பிக் கொடுப்பேன். அரசாங்கத் தாள் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் சொல்கிறேன். செங்கல் வைத்துக் கட்டினால் அரசு வீட்டுக்கடன் இருபது வருஷத்துக்குக் கிடைக்கும், வட்டியும் குறைவு. லாரியில் வந்து இறங்குகிற வீட்டுக்கோ, அது வந்த வண்டியைப் பார்த்து முடிவு செய்தார்களோ என்னவோ, வாகனக் கடன்தான். ஐந்தே வருஷம், கழுத்தைப் பிடிக்கிற வட்டி. வேன் ஓட்டுகிறவரும் போல்ட் முறுக்குகிறவளும் ஐந்து வருஷத்தில் ஒரு வீட்டுக்கடனை அடைப்பதாவது!

போன வருஷம்தான் புதுத் திட்டம் வந்தது. தொழிற்சாலை வீட்டுக்கும் இனி இருபது வருஷக் கடன் உண்டு. ஆனால் அது 'அசையாச் சொத்து' என்று ஆய்வாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். திட்டம்தான் புதிது, படிவம் பழையது. அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு படம், ஜன்னல் உயரம் வந்ததும் ஒரு படம், கூரை போட்டதும் ஒரு படம் ஒட்டச் சொல்லிக் கட்டம் போட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் கூரையைத்தான் முதலில் செய்கிறார்கள். மூன்று கட்டத்திலும் ஒரே படத்தை ஒட்டிக் கொடுத்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

ஊரோரமாக அக்கா ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தாள். பழைய ஆள் என்பதால் தொழிற்சாலை மேலாளர் வீட்டை முன்னதாகவே கொண்டுவந்து வைக்க ஒத்துக்கொண்டார். மூன்று மாதத்துக்குள் கடன் வந்து பணம் சேர வேண்டும், இல்லாவிட்டால் கிரேன் வரும், வீடு திரும்பிப் போகும். அக்கா கையெழுத்துப் போட்டாள். வீடு வந்து இறங்கிய அன்று தன் வீட்டுக்குத் தானே மட்டம் பார்த்தாள். நாலு தடவை பார்த்தாள்.

ஆய்வாளர் வருவதற்கு முன்னால் மூன்று நாள் அவளுக்கு ஒத்திகை வைத்தேன். கழற்ற முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஒரே வார்த்தை. தலையாட்டினாள். ஆய்வாளர் ஒல்லியான, சிடுசிடுப்பில்லாத மனிதர். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், பேனாவை எடுத்தார்.

"இதைக் கழட்டி வேற இடத்துக்குக் கொண்டுபோக முடியுமாம்மா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. காரியம் கெட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"முடியும் சார். ரெண்டு ஆள் கொடுங்க, நாலு மணி நேரத்துல ஒரு கீறல் விழாம கழட்டித் தர்றேன். வேற யாராவதுன்னா ஒரு நாள் முழுக்க ஆகும்."

நான் பலமாக இருமினேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று தண்ணீர் எடுத்து வரப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் 'அசையும் சொத்து' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் ஆய்வாளர்.

அன்றைக்கு அவளை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அவளுக்கு உறைக்கவே இல்லை. கழற்ற முடியாது என்றால் போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தமாம், தான் பார்த்த வேலையைத் தானே எப்படிக் குறை சொல்வது என்று கேட்டாள். மாமா வேன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். கெடுவில் இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

மறுவாரம் கடன் அலுவலகத்துக்குப் போனோம். அதே ஆய்வாளர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். நாலு பக்கத்துக்கு மனு தயார் செய்து, அழகாகத் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அக்கா அதை மேசைமேல் வைக்கவே விடவில்லை.

"அசையாத வீட்டுலதான் சார் இத்தனை வருஷமா இருந்தேன். பதினாலு தடவை என்னைத்தான் அசைச்சாங்க."

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தடிமனான விதிப் புத்தகத்தை எடுத்து, பின்பக்கத்திலிருந்து புரட்டினார். மறு ஆய்வுக்கு ஒரு வழி இருந்தது. பெட்டிகளின் மேல்மூலைகளில், கிரேன் கொக்கி மாட்டுவதற்காக இரும்புக் காதுகள் இருக்கும், பெட்டிக்கு நாலு, ஆக எட்டு. அவற்றை அடியோடு வெட்டிவிட்டால் வீட்டைத் தூக்கப் பிடி கிடையாது. தூக்க முடியாத வீட்டை அசையாத வீடு என்று எழுதலாம், போல்ட் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டுவதற்குச் சம்மதம் என்று தொழிற்சாலை கடிதம் தர வேண்டும்.

துள்ளிக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காதை வெட்டிவிட்டு, நாளைக்குக் கடன் வராமல் போனால் வீட்டை எதைப் பிடித்துத் தூக்குவது என்று கேட்டார். பணம் வரட்டும், வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். அலுவலகத்தில் கேட்டால், வெட்டிவிட்டு வாருங்கள், பணம் தருகிறோம் என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதுதான் எனக்கு எரிச்சல். யாராவது ஒருவர் அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்படியே இங்குமங்கும் அலைந்ததில் ஐந்து வாரம் ஓடிவிட்டது, சனிக்கிழமைக்குக் கிரேன் என்று தொழிற்சாலைப் பலகையில் எழுதியும் விட்டார்கள்.

வியாழக்கிழமை அக்கா வேலை முடிந்த கையோடு மேலாளர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் முன்னால் ஆய்வாளரின் அறிக்கை நகல் இருந்தது. 'உரிமையாளரே நான்கு மணி நேரத்தில் கழற்ற முடியும் என்று தெரிவித்தார்' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"கடன் போனாலும் போகட்டும்னு உண்மையைச் சொன்ன ஆளு நீங்க. உங்ககிட்ட பணம் வாங்க எனக்கு எதுக்கும்மா அந்தக் காது? போய் வெட்டுங்க."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மனுஷனை நான் ஐந்து வாரமாக என்னென்னவோ பேசியிருந்தேன், எல்லாவற்றையும் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் இரும்பு அறுக்கும் மெஷினோடு அக்கா கூரைமேல் ஏறினாள். நான் வேறு ஆளை அழைத்து வருகிறேன் என்றதற்குக் காதே கொடுக்கவில்லை. மாமா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் தள்ளி நின்று படம் எடுத்தார். தீப்பொறி பறந்தது. ஒன்று, இரண்டு என்று ஏழு காதும் மளமளவென்று கீழே விழுந்தன. எட்டாவதற்கு வந்ததும் மெஷின் நின்றுவிட்டது. பிளேடு தேய்ந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அக்கா அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பதினாலு வீட்டைக் காலி செய்தபோதும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் மாமாவைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி சத்தம் போட்டது. எட்டாவதும் விழுந்தது. ஆய்வாளர் படிவத்தை வேன்மேல் வைத்து 'அசையாச் சொத்து' என்று எழுதினார்.

அக்கா தீப்பொறிக்காகப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூரை விளிம்புக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"இனிமே யாரு காலி பண்ணச் சொன்னாலும் என்னால முடியாதுடா."