அம்சா கை நனைத்த கதை

திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்சா, மனிதர்களை நேரடியாக நம்புவதில்லை. நாவல் வழியாகத்தான் நம்புவாள். ஆதார் கார்டை நீட்டுகிறவர் எந்தக் கதையில் வருகிறவர் என்பதை மெஷின் சூடாவதற்குள் முடிவு செய்துவிடுவாள். சில்லறை இல்லை என்று சிரிக்கிற மளிகைக்கடைக்காரர், குடும்ப நாவல்களில் சொத்தை எழுதி வாங்கும் சித்தப்பா. எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் எதிர்வீட்டு டீச்சர், கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் அழவைத்துவிட்டுத் தான் மட்டும் நன்றாக இருக்கப்போகிறவள். இந்தத் தீர்ப்புகளில் பாதி தப்பாகப் போனதுண்டு. அதற்கு நாவல்களை அவள் குறை சொன்னதில்லை. வாழ்கிறவர்களுக்குத்தான் ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரியவில்லை.

கிளை நூலகத்தின் நாவல் அடுக்கை ஒரு சுற்று முடித்து, இரண்டாம் சுற்றில் இருக்கிறாள். இரண்டாம் சுற்றில்தான் பாத்திரங்களின் யோக்கியதை தெரியும் என்பது அவள் கட்சி. முதல் தடவை கதை ஓடும், நாமும் பின்னாலேயே ஓடுவோம். யார் பொய் சொன்னார்கள் என்று நின்று பார்க்க நேரம் ஏது?

அவள் மனத்துக்கு நெருக்கமானது 'நாலாம் மதகு' என்கிற நாவல். அதில் அலர்மேலு என்று ஒருத்தி. தையல் மிஷின் மிதித்துக் குடும்பத்தை நிமிர்த்துகிறாள். புருஷன் தாமோதரன் அவள் பேரில் இருந்த மதகடி நிலத்தை யாருக்கும் தெரியாமல் விற்றுவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் அலர்மேலு மிஷினைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறுகிறாள். லக்கேஜா என்று கண்டக்டர் கேட்க, "ரெண்டு ஃபுல் டிக்கெட் போடுங்க, இதுவும் என்கூட உழைச்சதுதான்" என்கிறாள். அம்சா அந்த வரியில் ஒவ்வொரு முறையும் அழுவாள். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று பேசாமல் இருப்பார்கள்.

நாடகங்கள் மேல் அவளுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. சின்ன வயதில் செங்கல்பட்டில் டிக்கெட் வாங்கிப் பார்த்த 'மாடி வீட்டு மாமா'வில், மாமா கடைசிவரை மேடைக்கே வரவில்லை. மாடியிலிருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இருமலாலேயே ஒரு கல்யாணத்தை முடித்து ஒரு வழக்கையும் தீர்த்து வைத்துவிடுவார். காசு கொடுத்தும் ஆளைக் காட்டவில்லையே என்பது அவள் வருத்தம்.

கணவர் திருவேங்கடத்துக்கு அவள் எந்த நாவலிலும் இடம் கண்டுபிடிக்கவில்லை. குட்டி யானை வண்டி வைத்துச் சரக்கு ஏற்றுகிறவர், அதிகம் பேசாதவர். இவரை வைத்து எந்த எழுத்தாளனும் ஒரு பத்திகூட ஓட்ட முடியாது என்று அவள் தீர்மானித்துப் பல காலம் ஆகிறது.

இந்த நிலையில்தான் மகள் ஜெயப்பிரியாவுக்கு வரன் வந்தது. ஜெயப்பிரியாவுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. தரகர் கொண்டுவந்த சரவணகுமார் கடப்பாக்கத்துப் பையன், வேலை அதே வளாகத்தில். ஜாதகம் பொருந்துகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பதற்குள், இருவரும் கேன்டீனில் டீ குடித்து வேறு பொருத்தங்களைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. காபி குடித்து முடித்த சரவணகுமார் எழுந்து, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கொல்லைக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் உருகிப்போனார்கள். அம்சா மட்டும் உருகவில்லை. 'நாலாம் மதகு' முதல் அத்தியாயத்தில் பெண் பார்க்க வரும் தாமோதரன் செய்வதும் அதுவேதான்.

"ம்மா, டம்ளர் கழுவுனது ஒரு தப்பா?" என்றாள் ஜெயப்பிரியா.

"மொத நாளே கழுவுறான் பாரு, அதான்டி தப்பு. எவன் மொத நாளே கழுவுவான்?"

"அப்பா இதுவரைக்கும் கழுவுனதே இல்ல. அது மட்டும் நல்லதா?"

"உங்கப்பா மனசுல எதையும் மறைக்கல. கழுவ மாட்டாருன்னு மொத நாளே தெரிஞ்சி போச்சி."

திருவேங்கடம் தன் டம்ளரைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

"எனக்கு அவரப் புடிச்சிக்கீது. ஆனா நீ வாணாம்னா வாணாம்மா. உன்ன மீறிகினு ஓடல்லாம் மாட்டேன்" என்றாள் மகள்.

ஊரை எதிர்த்து ஓடிய கதாநாயகிகளுக்காகக் கைக்குட்டை கைக்குட்டையாக நனைத்தவள் அம்சா. அதே அம்சா, மகள் ஆபீஸ் ஷட்டில் கொஞ்சம் தாமதமானால் மூன்று முறை போன் போடுவாள். இப்போது மகள் ஓட மாட்டேன் என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கோ ஓர் ஓரத்தில் லேசான ஏமாற்றமாகவும் இருந்தது. கடைசியில், மாப்பிள்ளை வீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

கிளம்புமுன் கணவருக்கு எச்சரிக்கை விடுத்தாள். "தோ பாருங்க. காப்பி குடிக்கலாம், பழம் துன்னலாம். சோத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க. அவங்க வூட்ல கை நனைச்சிட்டா சம்மதம்னு ஆயிடும். அப்பறம் வாணாம்னு சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றார் திருவேங்கடம்.

"உங்களுக்குப் பசி வந்தா எதுவும் தெரியாது."

சரக்கு வண்டியில் போவது மரியாதையாக இருக்காது என்று தெரிந்தவரிடம் இரவலாகக் கார் வாங்கிக்கொண்டு இருவரும் கடற்கரைச் சாலையில் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாசுதேவனுக்குக் கடப்பாக்கத்தில் டயர் கடை. வீடு அதன் பின்னால். அம்மா தனகோடிக்குப் பெரிய குரல். ரகசியம் சொன்னாலும் கடலோரத்து ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் கேட்கும். நல்ல காரியமாக வந்தவர்கள் என்பதால் மீன் ஊரில் அன்று மீன் சமைக்கவில்லை; முருங்கைக்காய் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

அம்சா துப்புத் தேடினாள். சுவர், பீரோ, காலண்டர் எல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தன. டிவிக்குக் கீழே, சரவணகுமாரின் கேரம் கோப்பைகளுக்கு நடுவில், முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு புத்தகம். 'நாலாம் மதகு'.

"இது யார் படிக்கறது?" என்று அதைக் காட்டிக் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் தனகோடி. "வேற யாரு இந்த வூட்ல படிக்கறாங்க? அவர் டயர் நம்பரத் தவிர எதையும் படிக்க மாட்டாரு."

"படிச்சிட்டுமா உங்க புள்ளைக்கு டம்ளர் கழுவக் கத்துக்குடுத்தீங்க? தாமோதரன் பண்றதுல்ல அது?"

தனகோடி கூரை அதிரச் சிரித்தாள். "நீங்களும் படிச்சிக்கீறீங்களா! அந்தக் கசுமாலத்துகிட்ட கீற ஒரே நல்ல பழக்கம் அதாம்மா. நான் அத்த மட்டும் எடுத்துக்கினேன். மிச்சத்தையும் சேத்தா கத்துக்குடுப்பேன்?"

இப்படி ஒரு வாசிப்பு உண்டென்று அம்சாவுக்குத் தோன்றியதே இல்லை. தோற்றது போலிருந்தது. விட மனமில்லாமல், "இருந்தாலும் அலர்மேலு கெளம்பிப் போனாளே, அது நெஞ்சுரம்" என்றாள்.

"இன்னா நெஞ்சுரம்? அவ ஏன் போவணும்ன்றேன்! வூடு அவ மிஷின் மிதிச்சிக் கட்டுனது. அவன் சட்டையைத் தூக்கித் தெருவுல வீசாம, மிஷினத் தூக்கிகினு இவ பஸ் ஏறுறா. நல்லா கீதே நாயம்!"

"அது எப்பிடிங்க? அந்த டிக்கெட்டு வாங்கற எடத்தப் படிச்சீங்களா இல்லியா?"

"படிச்சேன். ரெண்டு டிக்கெட்டு தண்டம்."

அலர்மேலுவின் டிக்கெட்டைத் தண்டம் என்று யாரும் சொல்லி அம்சா கேட்டதில்லை. எழுந்து நின்று பேசினாள். "ஒக்காந்து சண்டை போடுங்க, கால் வலிக்கும்" என்று தனகோடி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். எதிரே இலை விழுந்தது. மானமும் வீடும் வேறு வேறு என்று அம்சா விளக்கினாள், சோறு விழுந்தது. வீடு இல்லாமல் மானத்தை எங்கே வைப்பாள் என்று தனகோடி கேட்டாள், சாம்பார் விழுந்தது. பதில் சொல்லும் அவசரத்தில் அம்சாவின் வலது கை இலைக்குப் போனது.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த திருவேங்கடத்துக்குத் தொண்டையில் ஓர் இருமல் புறப்பட்டது. வாசல் தூணோரம் நின்ற சரவணகுமாரை அவர் பார்த்தார். பையன் மூச்சே விடவில்லை. திருவேங்கடம் இருமலை விழுங்கிக்கொண்டு, தன் இலையில் சோற்றைப் பிசைந்தார்.

முருங்கைக்காயை மென்றபடி அம்சா அலர்மேலுவின் பிறந்த வீட்டு நிலைமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வீடு அமைதியாகிவிட்டது தெரிந்தது. எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள்.

தனகோடி குனிந்து, வாழ்க்கையில் முதன்முறையாக மெல்லிய குரலில் கேட்டாள். "ரசம் ஊத்தட்டுமா, சம்பந்தி?"

அம்சா டிவிக்குக் கீழே இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பிளாஸ்திரி போடும் அளவுக்கு அதைப் படித்த ஒருத்தி, மகன் தப்புச் செய்தால் மருமகளைத்தானே வீட்டில் வைத்துக்கொண்டு மகனின் சட்டையை வீசுவாள் என்று ஒரு கணக்கு ஓடியது. அது எந்த நாவலிலும் வராத கணக்கு. இலையை லேசாக முன்னால் நகர்த்தினாள்.

"ஊத்துங்க. ஆனா அலர்மேலு பண்ணதுதான் சரி."

திரும்பும்போது காரில் வெடித்தாள். "பக்கத்துல குந்திகினு பாத்துகினே இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ பேசிகினு இருந்த. நடுவுல பேசுனா திட்டுவியே."

சொல்லிவிட்டு அவர் பத்திரமாக வைத்திருந்த இருமலை இருமினார். அம்சா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். செங்கல்பட்டு நாடகத்தில் காசு கொடுத்தும் பார்க்கக் கிடைக்காத ஆள், இத்தனை வருஷமாக டம்ளர் கழுவாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க, மாமா."

மகளிடம் சம்மதம் சொன்னபோது, ஊசியில் நூல் கோக்கத் தெரியாத அவளுக்குச் சீர்வரிசையில் கட்டாயம் ஒரு தையல் மிஷின் வைக்கப்போவதாகவும் அம்சா சொன்னாள். செய்தி கடப்பாக்கம் போன வேகத்தில் போன் வந்தது.

"மிஷின் தாராளமா வைங்க சம்பந்தி," என்றாள் தனகோடி. "ஆனா எங்க வூட்ல இருந்து எவளும் அத்தத் தூக்கிகினு பஸ் ஏற வாணாம். ஏறுறதா இருந்தா என் புள்ள ஏறட்டும். அவனுக்கு ஒரு டிக்கெட்டு போதும்."

அதற்கு அம்சாவிடம் பதில் இருந்தது. கடைக்கு வெளியே இரண்டு பேர் ஆதார் கார்டோடு நின்றார்கள். நிற்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.