டெக்ஸாஸைத் தடுக்க நட்ட செடிகள்

உயிரோடு இருந்த ஒரு தோட்டத்தைச் செத்துவிட்டது என்று நினைத்து, நானே தோண்டி எடுத்து, கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தவன் நான். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் வடகிழக்கே குளிர் கொட்டும் பார்சிப்பனியில் எங்கள் வீட்டு முன்புறத்தில், தெருவே பார்க்க இந்தக் காரியத்தைச் செய்தேன். மேலே எல்லாம் காய்ந்த சருகு. கீழே வேர்கள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. செத்த செடிக்கு எவ்வளவு ஆரோக்கியமான வேர் என்று வியந்தேன். பொறியியல் படித்தவன், வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை வண்டி வந்து பைகளை அள்ளிப் போனது. அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாள் வேலியருகே வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக வசிப்பவர், தெருவில் எதையும் தவறவிடாதவர்.

"செடிகளை எங்கே மாற்றி வைத்தாய்?" என்று கேட்டார்.

செத்துப்போனதால் எறிந்துவிட்டேன் என்றேன். அவர், குளிர் வந்தால் மேலே இருப்பது காய்ந்துவிடும், வேர் மண்ணுக்குள் தூங்கும், வசந்தத்தில் திரும்ப முளைக்கும், பெரனியல் என்று அவற்றைச் சொல்வதே அதனால்தான் என்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் தலையாட்டினேன். மெட்ராஸ் செடிகளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே இலை இருந்தால் உயிர், கட்டை காய்ந்தால் அடுப்புக்கு. நடுவில் தூக்கம் என்று ஒன்றை எந்தச் செம்பருத்தியும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாங்கும்போது அட்டையில் 'குளிர் தாங்கும்' என்றுதான் போட்டிருந்தது. நம்மைப்போல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று பூக்கும் என்று நினைத்துவிட்டேன்.

தோட்டத்தின் மீது எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. எல்லாம் டெக்ஸாஸால் வந்தது.

என் மனைவியின் தம்பி ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு வாங்கியிருந்தான். பக்கத்திலேயே மீனாட்சி கோயில். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். அவன் குரல் ரிசீவரைத் தாண்டிச் சமையலறை முழுக்கக் கேட்கும்.

"அக்கா, இன்னிக்குக் காலைல கூடை நிறைய செம்பருத்தி பறிச்சேன். டிசம்பர் மாசம்! நீ அங்க என்ன பண்ற?"

அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கார்னேஷனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு சாமிக்கு ஒரு பூவாவது வைக்காமல் அவள் காபியைத் தொடமாட்டாள். கோடையில் பரவாயில்லை, எங்கேயாவது ஏதாவது கிடைக்கும். குளிர்காலம் அவளுக்குப் பெரிய வேதனை.

"மீந்த சாம்பார் பக்கத்துல இருந்த பூவை எடுத்து சாமிக்கு வெக்கிறேன். நல்லாவா இருக்கு?" என்றாள் ஒருநாள். "உங்க கம்பெனிக்குதான் ஹூஸ்டன்ல ஆபீஸ் இருக்கே. ட்ரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணா என்ன?"

எனக்கு டெக்ஸாஸ் வெயில் ஒத்துக்கொள்ளாது. அதைவிட, மச்சினன் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் குடியிருந்து, ஆயுள் முழுக்க அவன் செம்பருத்தியைப் பாராட்டிக்கொண்டிருப்பது ஒத்துக்கொள்ளாது. வாய் சும்மா இருக்கவில்லை.

"பூதானே பிரச்சினை? இங்கயே வருஷம் முழுக்கப் பூக்க வெச்சுக் காட்டுறேன்."

"ஜனவரி மாசம் நம்ம வாசல்ல பூத்த ஒரு பூவை என் கையில குடுங்க. அப்புறம் டெக்ஸாஸ் பேச்சே எடுக்க மாட்டேன். மூணு வின்டர் டைம் தரேன்."

"முடியலேன்னா?"

"பெட்டி கட்டுங்க."

அந்த முதல் குளிர்காலம்தான் குப்பை வண்டியோடு போனது.

இரண்டாம் வருடம் முறையாகப் படித்தேன். நூலகத்தில் கிடைத்த புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. அவர்கள் ஊரில் சாரல் மட்டும்தான் விழும் போலிருக்கிறது. பனிப்புயல் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் படங்கள் அற்புதம். ரயில் அட்டவணைபோல ஒரு திட்டம் போட்டேன். ஒரு பூ பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பும்போது அடுத்தது உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். ஏப்ரலில் தரையோடு படரும் ஃப்ளாக்ஸ், மேயில் பியோனி, ஜூலையில் டே லில்லி, இலை உதிரும் நாளில் ஆஸ்டர். அப்புறம் குளிருக்கு ஹெதர். முழங்கால் உயரம்கூட வராத புதர், ஊசி இலை, அரிசிமணி அளவில் பூ, ஆனால் பனிக்காலத்தில் பூக்கும் வகையும் அதில் உண்டு. படத்தில் ஒரு மலைச்சரிவே ஊதா நிறத்தில் இருந்தது. என் சரிவு கார் நிறுத்தும் இடத்துக்கும் தபால் பெட்டிக்கும் நடுவில் இருந்தது.

முதல் ரயில் சரியான நேரத்தில் வந்தது. ஆனால் பயணிகளைக் காணோம். மாலையில் மொட்டைப் பார்த்துவிட்டுப் படுப்பேன். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது வெறும் காம்பு நிற்கும். இரவும் பகலும் திட்டமிட்டுத் தேர்ந்த நிறங்கள் தெருவில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மிகவும் வருத்தப்பட்டார்.

"மான்கள்," என்றார். "இரவில் வந்து பூவை மட்டும் தின்றுவிடும். சோப்புக் கட்டி தொங்கவிடு, வாசனைக்கு வராது."

அவரே ஒரு பை நிறைய சோப்பும் நூலும் கொண்டுவந்து கொடுத்தார். மறுக்க முடியவில்லை, தொங்கவிட்டேன். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டு முன்புறம் குளியலறை போல மணந்தது. மான் யார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மான் விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எவர்சில்வர் தட்டோடு வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பூவாவது செடியில விடேன். ரோட்ல போறவங்க பார்க்க வேணாமா?" என்றேன் மானிடம்.

"ரோட்ல போறவன் எல்லாம் கார்ல போறான். அவன் எங்க பார்க்குறான்? சாமி உக்காந்து பார்க்குது."

என் தோட்டத்தின் நிறமெல்லாம் பூஜை அலமாரிக்குள் இருந்தது. அங்கே அட்டவணை ஒருநாள்கூடத் தவறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹெதரை மட்டும் அவள் பறிக்கவில்லை; அப்போது அதில் பூ இல்லை. பதிலாகக் கவனித்துக்கொண்டாள். நர்சரிக்காரர் விற்கும்போதே சொல்லியிருந்தார், அதற்கு உரமும் வேண்டாம், சொகுசும் வேண்டாம், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று. அதை நான் அவளிடம் சொன்னேனா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. கோடையில் துளசித் தொட்டி வெளியே வரும். அதை ஹெதருக்குப் பக்கத்தில் வைத்தாள். துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிச் சுற்றி வரும்போது, பக்கத்தில் இருப்பதை மட்டும் பட்டினி போடுவது பாவம் அல்லவா? அதற்கும் ஒரு செம்பு. தினமும். எங்கள் மண்ணோ களிமண், ஊற்றிய தண்ணீர் எங்கும் போகாது. வெள்ளிக்கிழமைகளில் அதன் அருகில் இருந்த கல்லுக்கு மஞ்சள் குங்குமமும் கிடைத்தது. ஆகஸ்டில் ஹெதர் பழைய சட்டிகழுவும் பிரஷ் நிறத்துக்கு வந்தது.

நான் பதறவில்லை. பாடம் படித்தவன் அல்லவா? "தூங்குது" என்றேன்.

செப்டம்பரிலும் தூங்கியது. டிசம்பரில் வீட்டுக்கு வந்த நண்பர்களை நிறுத்தி, குளிர்ப் பிரதேசச் செடிகளின் உறக்கம் பற்றி விளக்கினேன். ஜனவரியில் தினமும் போய்ப் பார்த்தேன். இரண்டாம் குளிர்காலமும் முடிந்து, மார்ச்சில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கிளையை விரலால் தொட்டார். அது பட்டென்று ஒடிந்தது.

"இது செத்துப் பல மாதம் ஆகிறது," என்றார்.

உயிரோடு இருந்ததைத் தூக்கி எறிந்தேன், செத்ததை ஒரு குளிர்காலம் முழுக்கக் காவல் காத்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் செடிகளிடம் தோற்க இடமில்லை. மச்சினன் அந்த வாரம் போனில், "மாமா, இங்க எங்க தெருவுலயே ஒரு வீடு சேலுக்கு வருது," என்றான். குரலில் அன்பு வழிந்தது.

மூன்றாம் வருடம் மணலும் பீட் என்ற மக்கிய கருமண்ணும் கொட்டி மேடு கட்டி, புது ஹெதர் நட்டேன். துளசியைப் பின்பக்கம் மாற்றினேன். செம்புக்குத் தடை போட்டேன். "தண்ணியே காட்டாம ஒரு செடியா? கொலகாரத்தனம்," என்று அவள் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. செடி மட்டும் பேசாமல் வளர்ந்தது. டிசம்பரில் கிளை நுனிகளில் வெளிறிய மொட்டுகள் வந்தன. நான் அலுவலகத்தில் சீட்டியடித்தேன்.

ஜனவரியில் பனிப்புயல். கார் வெளியே வர வேண்டுமே என்று வழியில் கிடந்த பனியை எல்லாம் வாரி வாரி, வழக்கம்போல வலதுபக்கம் எறிந்தேன். இரண்டு நாள் எறிந்தேன். பொங்கலன்று காலையில் அவள், "என்னங்க, பூ?" என்று கேட்டபோதுதான் வலதுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. இடுப்பளவு குன்று. மேலே உறைந்து கல்லாகிவிட்டிருந்தது.

மண்வாரியால் பாதி தோண்டினேன். அதற்குமேல் கிளை ஒடிந்துவிடும் என்று பயந்து, சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்து, மண்டியிட்டுச் சுரண்டினேன். என் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கதவைத் திறந்து, "அப்பா, ப்ளீஸ் கம் இன்சைட். மை பஸ் இஸ் கமிங்," என்று கெஞ்சினாள். பஸ் வந்தது. அதிலிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்தார்கள். நான் நிமிரவில்லை.

கிடைத்தது. நசுங்கி, தரையோடு ஒட்டி, ஆனால் பச்சையாக. ஒரு கிளை நுனியில் ரோஜா நிறம் என்று நம்பத்தக்க ஏதோ ஒரு நிறத்தில் சில மணிகள். உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

இன்னொரு தடவை பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு பிள்ளையார் தலையில் வைத்தாள். பிள்ளையார் சின்னவர், அவருக்கே அது சின்னதாக இருந்தது. "சரி," என்றாள். "இங்கயே இருக்கலாம்."

மூன்று வருடம், எத்தனையோ செடிகள், ஒரு கோடை முழுக்க சோப்பு. ஆனாலும் ஜெயித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் ஆபீசில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் ஹெதரின் மகிமையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. மச்சினன் என்ன கேட்டானோ, சமையலறையில் அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பூவெல்லாம் ஒண்ணும் இல்லடா, சீரகம் சைஸ்ல என்னவோ ஒண்ணு. அந்தக் குளிர்ல மண்டி போட்டுத் தோண்டிக்கிட்டு இருந்தாரு, ஸ்கூல் பஸ்ஸே நின்னு வேடிக்கை பார்க்குது. பாவமா இருந்துச்சு. நான்தான் பூன்னு ஒத்துக்கிட்டேன்."