தோள்வலிக்கு ஒரு செட்டு

நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருவர் மருந்துக்கடைக்குப் போய் எல்லோருக்குமாகச் செட்டு மாத்திரை வாங்கி வருவார். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. இடுப்புவலிக்கு இத்தனை, முழங்கால்வலிக்கு இத்தனை என்று சொன்னால் போதும். கடைக்காரர் நாலைந்து நிறத்து மாத்திரைகளைத் துண்டுக் காகிதத்தில் மடித்து மடித்துத் தருவார். வாரம் முழுக்க, தினமும் பதினோரு மணி டீயோடு ஆளுக்கொரு மடிப்பு. மொபெட் வைத்திருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாலு பேருக்கு வேண்டியவனாக இருப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

என் மனைவிக்கும் அதே கம்பெனிதான். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, இடது தோளில் ஏற்றி, காயவைக்கக் கொண்டுபோவாள். ஒரு பொம்மை சாய்ந்தால் வரிசையே போய்விடும் என்பதால் கழுத்தைக்கூடத் திருப்பாமல் நடப்பாள். பல வருடம் அப்படி நடந்தவளுக்குத் தோள் வலிக்க ஆரம்பித்தது. நான் தோள்வலிச் செட்டையும் பட்டியலில் சேர்த்தேன். ஐந்து வருடம் சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

மாத்திரை வேலை செய்யும்வரை வலி அடங்கிக் கிடக்கும், அப்புறம் முன்பைவிட அதிகமாக வரும். பலகையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, இடது கையைத் தொங்கவிட்டே நடந்தாள். கடைசியில் அந்தக் கை காதுவரைகூட எழும்பவில்லை. கொண்டை போட என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நான் போட்ட கொண்டையைப் பார்த்துக் கம்பெனியே சிரித்தது.

தெருமுனை மளிகைக்கடை பாயம்மாதான், தன் முழங்கால் பிசியோதெரபியில் தேறிய கதையைச் சொல்லி அவளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக்கு அனுப்பிவைத்தார். நானும் கூடப் போனேன். அங்கே ஓர் இளம்பெண் என் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, தூக்கி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வலிக்குதுன்னு அசைக்காமலே வெச்சிருந்தீங்கக்கா. மூட்டைச் சுத்தி இருக்குற சவ்வு இறுகிப்போயிருக்குது. மாத்திரை வலியத்தான் மறைக்கும், இறுக்கத்த நீங்கதான் அவுக்கணும்."

ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கத்தி இல்லை. வெந்நீர் ஒத்தடம், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறுவது, அவ்வளவுதான். பல்லி மாதிரி சுவரில் ஏறக் கற்றுக்கொள்ளவா பஸ் பிடித்து வந்தோம் என்று படியிறங்கும்போதே கிண்டல் செய்தேன். அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும், ஒருமுறை ரத்தம் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோளுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாததா?

அவள் காலையும் மாலையும் சுவரோரம் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு போடுவாள். வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறினால் பெரிது. நான் டீ நேரத்தில் வழக்கம்போல மடிப்பை நீட்டினேன். வேண்டாம் என்று ஒதுக்கிப் பார்த்தாள். வாங்கிவந்ததை வீணாக்குவாயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனக்காக விழுங்கினாள். இதை எழுதும்போதுகூட என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலாம் மாதம் கை முழுதாக மேலே போனது. பரணிலிருந்த பானையைத் தானே இறக்கினாள். இரவு அந்தப் பக்கமே திரும்பிப் படுத்தாள். வலி சுத்தமாக இல்லை. அதற்குப் பிறகுதான் மாத்திரையை விட்டாள்.

மறுவருடம் கால் வீங்கியது, காலையில் முகம் வீங்கியது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, வலி மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். இத்தனை வருடமாக இந்த மாத்திரைகளை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் எழுதித் தரலைங்க. நானேதான் கடையில வாங்கித் தின்னேன்."

டாக்டர் அவளைத் திட்டினார். படித்துப் படித்துச் சொன்னாலும் உங்களைப் போன்றவர்கள் கேட்பதில்லை, உடம்பை நீங்களே கெடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று வெகுநேரம் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.