பின்னித் தர வேண்டிய சரங்கள்

யாராவது கூப்பிட்டால் கருப்பம்மாள் கழுத்தைத் திருப்ப மாட்டாள்; ஆளே திரும்புவாள். மகள் ரோஜா சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த பழக்கம் அது. கல்லூரி முடித்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த இரண்டாம் வருடம்தான் அது வலி என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் எதைப் பார்த்தோம் என்று தன்மீதே வெறுப்பாக வந்தது.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் சரவெடி பின்னினாள் கருப்பம்மாள். பின்னிய சரத்துக்குத்தான் கூலி. வலி முற்றினால் ஆமத்தூரில் சுளுக்கெடுக்கும் சோணைமுத்துவிடம் போவாள். அவர் தாடையைப் பிடித்துச் சடக்கென்று திருப்புவார். இரண்டு நாள் தாங்கும்.

அந்த ஆவணியில் வலது கை விரல்கள் மரத்துப்போயின. தட்டு நழுவி விழுந்ததைச் சிரித்து மழுப்பினாள். ரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து அடைத்த வெடியைப் பிடிக்கிற விரல்கள் அல்லவா. மறுநாளே சிவகாசியில் இயன்முறை மருத்துவரிடம் இழுத்துப்போனாள். கழுத்தில் நரம்பு அழுந்துகிறது, இனி யாரும் திருகக் கூடாது, அரை மணிக்கொரு தரம் நிமிர வேண்டும், இரண்டு வாரம் கழுத்துக்குப் பட்டை போட வேண்டும் என்றார் அவர்.

பட்டை கம்பெனி வாசலைத் தாண்டவில்லை. போர்மேன் அய்யப்பன் தொட்டுப் பார்த்துவிட்டு, “யக்கா, இது நைலான். உரசிப் பொறி கிளம்புனா உள்ள இருக்கவுக உசுருக்கு யாரு பதில் சொல்றது?” என்றார். பருத்திதான் உடுத்தி வர வேண்டும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். படித்த தனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று ரோஜா குமைந்தாள்.

பக்கத்தில் பின்னும் பேச்சிதான் பழைய பருத்தி வேட்டியைச் சுருட்டிக் கழுத்தில் கட்டிவிட்டாள். அரை மணிக்கொரு தரம் முழங்கையால் இடிப்பாள்.

“நிமிருங்க மதினி. எதிர்ல என்ன மாப்பிள்ளையா உக்காந்திருக்காரு, இப்பிடி வெக்கப்படுறீக?”

நிமிர்ந்தால் சரம் குறையும். குறைந்ததைப் பேச்சி தானே பின்னிக் கருப்பம்மாள் குவியலில் போட்டாள். அங்கே அதற்குக் கைமாற்று என்று பெயர். கொடுத்தவளுக்கு முடியாத நாளில் வாங்கினவள் பின்னித் தீர்க்க வேண்டும்.

தீபாவளிக்குள் விரல்களில் உணர்வு திரும்பியது. ஆனால் மறுபடி குனிந்து வேலை பார்த்தால் கை போய்விடும் என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னார். அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில், மேஜை முன் நின்று பார்க்கும் வேலைக்கு அம்மாவை மாற்றிவிட்டாள் ரோஜா.

தை பிறந்ததும் பேச்சி வந்தாள். மகளுக்குப் பிரசவ நேரம், கூட இருக்க வேண்டும், பத்து நாள் தன் இடத்தில் பின்ன முடியுமா என்று கேட்டாள். கருப்பம்மாள் உடனே சம்மதித்து எழுந்துவிட்டாள். ரோஜா அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பணமாகத் தருவதாகச் சொன்னாள். கைமாற்றைக் காசால் தீர்க்கக் கூடாது, தன் இடம் காலியாகக் கிடந்தால் வேறு ஆள் வந்துவிடும் என்று பேச்சி தலையசைத்து மறுத்தாள். அப்படியானால் நானே வந்து பின்னுகிறேன் என்றாள் ரோஜா.

பேச்சி அவள் விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். “இந்தக் கை பழக மூணு மாசம் ஆவும் தாயி. அதுக்குள்ள எம் பேரன் தவந்துருவான்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். கருப்பம்மாள் அன்று மகளோடு பேசவில்லை.

பேத்தி பிறந்தாள். மகள் பக்கத்தில் இருக்க முடியாமல், பேச்சி ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனாள். கருப்பம்மாள் வாங்கிய இருபத்திரண்டு நாள் கைமாற்று இன்னும் தீராமல் இருக்கிறது.